வைத்தியர் பதில்கள்: மூச்சுக்குழல் பரிசோதனையில் இருமலும் மயக்க மருந்தும்

இரண்டு வாரங்களுக்கு மேல் நிற்காத இருமலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் காரணத்தைக் காட்டாவிட்டால் மூச்சுக்குழலுக்குள் கமரா விட்டுப் பார்க்க நேரிடலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. பிரொங்கோஸ்கோபி எனப்படும் அந்தப் பரிசோதனையைவிட, அதற்குக் கொடுக்கும் மயக்க மருந்தையும் அதன்போது வரும் இருமலையும் பற்றியே வாசகர்கள் அதிகம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறார். இரண்டு மாதமாக இருமல். சளியில் இரண்டு தடவை இரத்தம் வந்தது. சளியைப் பரிசோதித்ததில் காசநோய்க் கிருமி இல்லை என்றார்கள். இப்போது கண்டிக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள். "முழித்திருக்கும்போதே தொண்டைக்குள் குழாயை விட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போவேன், முழுசா மயக்கிச் செய்வதென்றால் மட்டும் வருகிறேன்" என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். முழு மயக்கத்தைக் கேட்டு வாங்க முடியுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அம்மா, இரண்டு மாத இருமலோடு இரத்தமும் வந்த ஒருவர் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் மூச்சுக்குழலில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம், பழைய நோயொன்று விட்டுப்போன தழும்பாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். உள்ளே பார்த்து, தேவையானால் ஒரு சிறு துண்டுச் சதையை எடுத்துச் சோதிக்காமல் இவற்றைப் பிரித்தறிவது பல வேளைகளில் முடியாது. எனவே உங்கள் கணவரின் பயத்துக்குச் சரியான பதில் சொல்லி அவரை அழைத்துச் செல்வதுதான் இப்போது செய்ய வேண்டியது.

அவருடைய பயத்தில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. குழாய் போனால் மூச்சு அடைத்துவிடும் என்பது முதலாவது. வளைந்து கொடுக்கும் அந்தக் குழாயின் தடிப்பு ஏறத்தாழ 5 முதல் 6 மில்லிமீற்றர்தான். வளர்ந்த ஒருவரின் பெரிய மூச்சுக்குழலின் உட்புற அகலம் 15 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருக்கும். குழாயைச் சுற்றிக் காற்றுப் போய்வரப் போதுமான இடம் மிஞ்சுகிறது. அதோடு மூக்கு வழியாக ஒட்சிசனும் கொடுப்பார்கள், விரலில் மாட்டிய கருவி இரத்தத்திலுள்ள ஒட்சிசன் அளவைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டிக்கொண்டே இருக்கும். மூச்சு முட்டுவதுபோல் தோன்றுவது உண்மைதான். ஆனால் அந்த உணர்வு காற்றுப் போதாமையால் வருவதைவிட, இருமலாலும் தொண்டை மரத்துப்போவதாலும்தான் பெரும்பாலும் வருகிறது.

இரண்டாவது பயம் இருமலைப் பற்றியது, அதற்கு நியாயம் இருக்கிறது. குரல்வளையும், பெரிய மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவைப்பகுதியும் உடலிலேயே மிகக் கூர்மையான உணர்வுள்ள இடங்களைச் சேர்ந்தவை. ஒரு சோற்றுப் பருக்கை பட்டாலே உடல் முழுவதும் குலுங்க இருமுகிறோமே, அந்த இடங்கள்தான். அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி மூளையின் அடிப்பகுதிக்குப் போகிறது, அங்கிருந்து இருமுவதற்கான கட்டளை திரும்பி வருகிறது. சுவாசப் பாதையைக் காப்பதற்காக இயற்கை வைத்த காவல் இது. பரிசோதனை நடக்கும் சிறிது நேரத்துக்கு இந்தக் காவலைத் தணிக்க வேண்டும், ஆனால் முற்றாக அழித்துவிடக் கூடாது. மயக்க மருந்து பற்றிய எல்லாத் தீர்மானங்களும் இந்த ஒரு சங்கடத்தைச் சுற்றியே எடுக்கப்படுகின்றன.

இதற்கு மூன்று வகை மருந்துகள் பயன்படுகின்றன, மூன்றும் செய்வது ஒரே வேலை அல்ல. லிக்னோகெயின் என்ற மரக்கச்செய்யும் மருந்து, நரம்பு முனையிலேயே செய்தி கிளம்பாமல் தடுக்கிறது. மிடாசொலாம் போன்ற மருந்து பதற்றத்தைத் தணித்து அரைத் தூக்கத்தையும் மறதியையும் தருகிறது, ஆனால் இருமலை அது பெரிதாக அடக்குவதில்லை. ஃபென்டனில், பெத்திடின் போன்ற ஓபியொயிட் (அபின் வகை) மருந்துகள் மூளையில் இருமல் கட்டளை பிறக்கும் இடத்தையே தணிக்கின்றன. இவற்றில் முதலாவதுதான் அடித்தளம். தொண்டையும் குரல்வளையும் நன்றாக மரத்திருந்தால் மற்ற இரண்டும் குறைந்த அளவே போதும். அது சரியாக மரக்காவிட்டால் ஊசி மருந்தை எவ்வளவு கூட்டினாலும் நோயாளி அரைத் தூக்கத்தில் இருமிக்கொண்டுதான் இருப்பார்.

நடப்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி மருந்து ஏற்றுவதற்காகக் கையில் கெனூலா என்ற சிறு குழாயைப் போடுவார்கள். மூக்கு வழியாகக் குழாய் போவதென்றால் மூக்கினுள் மரக்கும் களிம்பைத் தடவுவார்கள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி தொண்டையின் பின்புறத்தில் மருந்தை விசிறுவார்கள். அது கடுங்கசப்பு. ஓரிரு நிமிடத்தில் நாக்கின் அடிப்பகுதி தடித்ததுபோலவும், தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்ததுபோலவும், எச்சிலை விழுங்கவே முடியாததுபோலவும் இருக்கும். பலர் பயந்து எழுந்துவிடப் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எச்சிலை விழுங்கப் போராடாமல் வாயோரமாக வழிய விட்டால் போதும், துடைப்பதற்கு ஆள் நிற்பார்கள். குழாய் குரல்வளைக்கு மேலே வந்ததும் அதற்குள்ளிருக்கும் வழியாகவே குரல் நாண்கள் மீது மறுபடி மருந்தைப் பாய்ச்சுவார்கள். அந்தக் கணத்தில் ஒரு பலத்த இருமல் வரத்தான் செய்யும். நிதானமான வைத்தியர் அங்கே சற்றுப் பொறுத்திருந்து, இருமல் அடங்கிய பிறகே உள்ளே நுழைவார். கவைப்பகுதியிலும் அதற்குக் கீழேயும் இப்படியே மருந்தைப் பாய்ச்சிப் பாய்ச்சித்தான் முன்னேறுவார்கள். பொதுவாக இவ்வளவும் பதினைந்து முதல் முப்பது நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பேச முயலாமல், மூச்சை அடக்கிவைக்காமல், மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். தாங்க முடியாவிட்டால் கையைத் தூக்குவதென்று முன்பே பேசி வைத்துக்கொண்டால் அவர்கள் நிறுத்துவார்கள்.

இனி உங்கள் நேர்க் கேள்விக்கு வருகிறேன். முழு மயக்கம் கொடுத்தும் இந்தப் பரிசோதனையைச் செய்வதுண்டு. நீண்ட நேரம் எடுக்கும் சிகிச்சைகளுக்கும் வேறு சில சிக்கலான நிலைகளுக்கும் மயக்க மருந்து நிபுணர் உடனிருந்து அப்படிச் செய்கிறார்கள். ஆனால் சாதாரணமாக உள்ளே பார்ப்பதற்கு அது தேவைப்படுவதில்லை. வயிற்றிலோ காலிலோ சத்திரசிகிச்சை செய்யும்போது வைத்தியர் வேலை செய்யும் இடமும் நோயாளி மூச்சு விடும் இடமும் வேறு வேறாக இருக்கின்றன. இங்கே இரண்டும் ஒரே பாதை. மயக்கம் ஆழமாக ஆக மூச்சின் வேகம் குறையும், நாக்கு பின்னால் சரியும், காவல் இருமல் இல்லாமல் போவதால் எச்சிலும் இரத்தமும் நுரையீரலுக்குள் இறங்கும். உங்கள் கணவரைப்போல் ஏற்கெனவே நெஞ்சு நோயுள்ளவர்களுக்கு இந்தத் தீங்கு இன்னும் அதிகம். 1897 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் என்ற வைத்தியர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழலில் சிக்கிய பன்றி எலும்புத் துண்டை முதன்முதலாகக் குழாய் வழியாக எடுத்தபோது தொண்டையை மரக்கச்செய்துதான் எடுத்தார். அன்று அவர் பயன்படுத்தியது வளையாத உலோகக் குழாய். இன்றுள்ள வளையும் குழாயை ஜப்பானியரான ஷிகெட்டோ இக்கேடா 1960களின் பிற்பகுதியில் உருவாக்கிய பிறகு, மரக்கச்செய்து விழிப்போடோ அரைத் தூக்கத்திலோ செய்வதே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. எனவே முழு மயக்கத்தைக் கேட்பதற்குப் பதிலாக, "தொண்டை நன்றாக மரக்கும்வரை நேரம் கொடுப்பீர்களா, அமைதிப்படுத்தும் ஊசியும் தருவீர்களா" என்று கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு நன்மை தரக்கூடிய கேள்வி அதுதான்.

மரக்கும் மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. பல வழிகாட்டல்கள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 அல்லது 8 மில்லிகிராமுக்கு மேல் போகாதிருக்கச் சொல்கின்றன. நம் தோட்டங்களில் 40 கிலோ எடையுள்ள பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கிலோவுக்கு 7 என்று கணக்கிட்டால் அப்படிப்பட்ட ஒருவருக்கு எல்லை 280 மில்லிகிராம், அதாவது 2 வீதக் கரைசலில் 14 மில்லிலீற்றர் மட்டுமே. தொண்டையில் விசிறுவதும் மூக்கில் தடவுவதும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் அன்று காலையில் எடை பார்க்கிறார்களா என்று கவனியுங்கள், பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். உதடும் வாயைச் சுற்றிய பகுதியும் மதமதப்பது, காதில் இரைச்சல், தலைசுற்று, கை நடுக்கம் ஆகியவை மருந்து அளவு மிஞ்சுவதன் முதல் அடையாளங்கள். அவற்றை உணர்ந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே உயரமான தோட்டங்களில் வசிப்பவரின் விரல் கருவியில் எண் சற்றுக் குறைவாகத் தெரிந்தால் அதை மட்டும் வைத்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் மயக்க மருந்தைத் தாங்குவதற்கான ஒட்சிசன் கையிருப்பு அவருக்குக் குறைவு என்பதும் உண்மை. உங்கள் கணவருக்கு இழுப்பு இருந்தால், பரிசோதனைக்கு முன் நெபுலைசர் மூலம் மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுப்பார்கள். அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பா முப்பது வருடமாகத் தினமும் குடிப்பவர். அண்மைக்காலமாகக் கசிப்பும் குடிக்கிறார். இரவில் நித்திரைக் குளிசையும் போடுவார். பரிசோதனைக்காக வாட்டில் சேர்க்கும்போது "குடிப்பழக்கம் உண்டா" என்று கேட்டதற்கு "இல்லை" என்று சொல்லிவிட்டார். வெட்கமாக இருந்ததால் நாங்களும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் திகதி. இப்போது சொன்னால் திட்டுவார்களா?
– வாசகி, ஹட்டன்

பதில்: மகளே, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது உங்களுடையதுதான்.

தினமும் குடிப்பவரின் மூளை, மது தரும் தணிவுக்குப் பழகிப்போயிருக்கும். மிடாசொலாமும் அதே வகையில்தான் மூளையைத் தணிக்கிறது. ஆகவே வழக்கமான அளவு அவருக்குப் போதாமல் போகலாம், சிலர் அமைதியடைவதற்குப் பதிலாக எதிர்மாறாகக் கையைக் காலை உதறி எழுந்து குழாயைப் பிடுங்கவும் பார்ப்பார்கள். இது தெரியாத வைத்தியர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். மறுபுறம், முதல்நாள் இரவு குடித்தது உடலில் மிஞ்சியிருந்தாலோ, நித்திரைக் குளிசை போட்டிருந்தாலோ, அதே சிறிய அளவு மருந்து மூச்சை அடக்கிவிடவும் கூடும். பல வருடக் குடியால் ஈரல் கெட்டிருந்தால் லிக்னோகெயினும் மிடாசொலாமும் உடலைவிட்டு வெளியேற அதிக நேரம் எடுக்கும். ஒரே பழக்கம் ஒருவரை இரண்டு பக்கமும் தள்ளக்கூடியது என்பதால், ஊசியின் அளவைத் தீர்மானிப்பவருக்கு உண்மை தெரியாமல் இருக்கக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. வாட்டில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு மது கிடைக்காது. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் அரை நாள் போனதும் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும் வரக்கூடும். அதனால் "நாளையிலிருந்து குடிக்காதீர்கள்" என்று வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தவும் வேண்டாம். வைத்தியருக்குத் தெரிந்தால் அதற்கென்று மருந்து இருக்கிறது, திகதியையும் அதற்கேற்ப அமைப்பார்கள்.

எல்லோர் முன்னிலும் சொல்ல வேண்டியதில்லை. வாட்டு மிஸ்ஸிடமோ, அப்பாவின் கட்டிலைப் பார்க்கும் டொக்டரிடமோ தனியாகச் சென்று, "அன்று சொல்லவில்லை, அப்பா தினமும் குடிப்பவர், இந்தக் குளிசையும் போடுகிறார்" என்று குளிசை அட்டையைக் காட்டுங்கள். யாரும் திட்டமாட்டார்கள் என்று நான் உறுதி கூற முடியாது, ஆனால் ஒரு நிமிடத் திட்டு பெரிய விடயமல்ல. அப்போதே கிளினிக் கொப்பியையும் கொடுத்து, இரத்தம் உறையாமல் இருக்க வோபரின், குளோபிடொக்ரல் போன்ற ஏதாவது எடுக்கிறாரா என்பதையும் காட்டுங்கள். சதை எடுப்பதானால் அவற்றைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், ஆனால் எதை எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். ஆடும் பல், கழற்றும் பல் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். உரத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் அதுவும் முக்கியம்.

கேள்வி: எனக்கும் என் அக்காவுக்கும் ஒரே வருடத்தில் இந்தப் பரிசோதனை நடந்தது. எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. அக்காவோ ஒவ்வொரு இருமலையும் சொல்கிறாள், தனக்கு மருந்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்கிறாள். அது சரியா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: இல்லை. ஞாபகமில்லை என்பதால் நீங்கள் இருமவில்லை என்று ஆகாது. மிடாசொலாம் கொடுத்த பிறகு நடப்பவற்றை மூளை பதிவு செய்வது தடைப்படுகிறது, அந்த மருந்தின் தனித்தன்மை அது. நீங்களும் அக்காவைப் போலவே இருமி, வைத்தியரோடு கை அசைத்து, சொன்னபடி மூச்சும் விட்டிருப்பீர்கள், மனதில் மட்டும் நிற்கவில்லை. அக்காவுக்கு மூச்சுக் கோளாறோ வயதோ காரணமாக ஊசியைக் குறைத்திருக்கலாம், ஊசி இல்லாமல் மரக்கச்செய்து மட்டும் பார்த்திருக்கவும் கூடும். வயது கூடியவர்களுக்கு ஆரம்ப அளவே குறைவாகத்தான் கொடுப்பார்கள், கொடுத்துவிட்டு ஓரிரு நிமிடம் பார்த்த பின்பே அடுத்த சிறு அளவைத் தருவார்கள். எதிர்பாராமல் மூச்சு குறைந்தால் மிடாசொலாமை முறிக்க ஃப்ளூமசெனிலும், ஓபியொயிட் மருந்துகளை முறிக்க நலொக்சோனும் உண்டு. ஆனால் முறிமருந்தின் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடுவதால், அது கொடுக்கப்பட்டவரை மேலும் அதிக நேரம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அக்காவின் வேதனை உண்மையானது. மறுபடியும் செய்ய நேர்ந்தால், முதல் தடவை எப்படி இருந்ததென்று தொடங்குவதற்கு முன்பே சொல்லட்டும். குரல்வளைக்குச் சற்றுக் கீழே கழுத்தின் முன்புறமாக மெல்லிய ஊசியால் மரக்கும் மருந்தை மூச்சுக்குழலுக்குள் செலுத்தும் முறையொன்றும் இருக்கிறது. பழகிய கையால் செய்யப்படும்போது அது இருமலை நன்றாகக் குறைக்கிறது.

கேள்வி: மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்குப் போய்ச் சேர அதிகாலை மூன்று மணிக்கே புறப்பட வேண்டும். வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. ஒரு தேத்தண்ணியாவது குடிக்கலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: பால் சேர்க்காத சாயத் தண்ணீரும் வெறும் தண்ணீரும் தெளிந்த பானங்கள் என்ற வகையில் சேர்கின்றன. அவற்றைப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விதி. பால் கலந்த தேத்தண்ணி உணவாகவே கணக்கிடப்படும். அதற்கும் ரொட்டிக்கும் சோற்றுக்கும் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். மரத்த தொண்டையோடு வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகும் என்பதுதான் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம். உங்கள் வைத்தியசாலை இதைவிடக் கடுமையான நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சீனிக் குளிசையையோ இன்சுலினையோ வழமைபோல் எடுத்துவிட்டு உண்ணாமல் புறப்பட்டால் வழியிலேயே இரத்தச் சீனி இறங்கிவிடும். அன்று காலைக்குரியதை எப்படிச் செய்வதென்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள், காலையில் முதல் ஆளாக உங்களை எடுக்கும்படியும் கேளுங்கள். பிரஷர் குளிசையைப் பொதுவாக ஒரு மிடறு தண்ணீரோடு போடச் சொல்வார்கள். கினிகத்தேனைப் பக்கத்து வளைவுகளில் வாந்தி எடுப்பவரானால், முடியுமென்றால் முதல்நாளே போய் உறவினர் வீட்டிலோ வாட்டிலோ தங்குவது நல்லது. திரும்பி வரும்போதும் அன்றைக்கே பஸ்ஸில் தனியாக ஏறாதீர்கள். மயக்கம் தெளிந்ததுபோல் இருந்தாலும் மருந்து உடலில் இருக்கும், கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்குச் செய்தபோது சம்மதப் படிவம் எங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தது. "கையெழுத்து வையுங்கள்" என்றார்கள், வைத்தோம். உள்ளே என்ன சொன்னார்கள் என்றே புரியாமல் அவள் மிகவும் பயந்துவிட்டாள். நாங்கள் கேட்டிருக்கலாமா?
– வாசகர், புசல்லாவை

பதில்: கேட்டிருக்கலாம், ஐயா. கேட்பது உங்கள் உரிமை. 1987 ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. புரியாத தாளில் பெறும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் கருதுவதில்லை. என்ன செய்யப்போகிறார்கள், என்ன மருந்து, என்ன தீங்கு நேரலாம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கையும் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும். தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ ஒருவர் பெரும்பாலும் பக்கத்து வாட்டிலாவது இருப்பார், அழைத்துவரச் சொல்லிக் காத்திருப்பதில் தவறில்லை.

இருமலைக் கட்டுப்படுத்துவதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. "இப்போது கசக்கும்", "இப்போது இருமல் வரும், பொறுங்கள்", "மெதுவாக மூச்சு விடுங்கள்" என்று அந்தந்தக் கட்டத்தில் சொல்லும் ஒரு குரல் நோயாளியின் காதில் விழுந்தால், பதற்றத்தால் வரும் இருமலும் திமிறலும் குறைகின்றன, ஊசி மருந்தும் குறைவாகவே தேவைப்படுகிறது. நோயாளிக்குப் புரியாத மொழியில் சொன்னால் அந்தப் பயன் முழுவதும் போய்விடுகிறது. மலையகத்து வைத்தியசாலைகளில் பணியாற்றுவோர் இதை வாசித்தால், இந்த ஐந்தாறு தமிழ் வாக்கியங்களையாவது பழகிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். தொடங்குவதற்கு முன் கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்பதைச் சைகையாலாவது காட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் லயத்தில் ஒருவருக்கு இதைச் செய்தபோது அறையைப் பூட்டி, எல்லோரும் தடித்த முகக்கவசம் போட்டிருந்தார்களாம். காசநோய்க்காரன் என்று முத்திரை குத்திவிட்டார்களே என்று அவர் அழுகிறார்.
– வாசகர், பதுளை

பதில்: அவரிடம் சொல்லுங்கள், அது எல்லோருக்கும் செய்யும் பாதுகாப்பு. பரிசோதனையின்போது வரும் இருமல் நுண்ணிய துளிகளைக் காற்றில் பரப்புகிறது. யாருக்குக் காசநோய் இருக்கிறதென்று முன்கூட்டித் தெரியாதபோது, எல்லோருக்கும் இருக்கலாம் என்று கருதி ஊழியர்கள் என்-95 வகைக் கவசம் அணிவதே முறை. அதே காரணத்துக்காகத்தான் மார்பு கிளினிக்கில் முதலில் சளியைப் பரிசோதிக்கிறார்கள். சளியிலேயே கிருமி தெரிந்துவிட்டால் பெரும்பாலும் குழாய் விடவே வேண்டியதில்லை. காசநோயாகவே இருந்தாலும் அது மருந்தால் குணமாகும் நோய், மருந்தும் இந்நாட்டில் இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் கச்சான் தின்னும்போது புரையேறியது. இருமல் நின்றுவிட்டது, ஆனால் ஒரு வாரமாக இழுப்புச் சத்தம் கேட்கிறது. குழாய் விட வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுக்கலாமா?
– பாட்டி ஒருவர், நுவரெலியா

பதில்: அம்மா, பிள்ளையை உடனே கொண்டுபோங்கள். மேலே பெரியவர்களுக்குச் சொன்னது பிள்ளைகளுக்குப் பொருந்தாது. கச்சான் மூச்சுக்குழலுக்குள் இறங்கிய பிறகு இருமல் ஓய்ந்துபோவது வழக்கம்தான், அது வெளியே வந்துவிட்டது என்று அர்த்தமல்ல. உள்ளே கிடந்தால் கச்சான் ஊறிப் பருக்கும், சுற்றியுள்ள சதை வீங்கும், சளி தேங்கிக் காய்ச்சல் வரும். எக்ஸ்ரேயில் கச்சான் தெரியாது என்பதால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதென்று ஆறுதல் அடையவும் முடியாது.

சின்னப் பிள்ளை அசையாமல் படுத்திருக்காது, கச்சானை இடுக்கியால் பிடிக்கும் நேரத்தில் ஓர் இருமல் வந்தால் அது மற்றப் பக்கத்துக்குப் போய் இரண்டு பக்கமும் அடைபடவும் கூடும். ஆகவே இங்கே முழு மயக்கமும், அதற்குள்ளாலேயே காற்றுக் கொடுக்கக்கூடிய வளையாத குழாயும், மயக்க மருந்து நிபுணரும் தேவை. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வழி இதுதான், பயப்படாதீர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழுக் கச்சானைக் கொடுக்க வேண்டாம் என்பதை லயத்திலுள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: பரிசோதனை முடிந்த மறுநாள் கவ்வாத்து வேலைக்குப் போகலாமா? அன்றிரவு காய்ச்சலும் சளியில் கொஞ்சம் இரத்தமும் வந்தது.
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: ஊசி மருந்து கொடுத்திருந்தால் முழுதாக 24 மணி நேரம் கவ்வாத்துக் கத்தி, புல் வெட்டும் இயந்திரம், தொழிற்சாலை இயந்திரம், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி எதையும் தொடாதீர்கள். தோட்ட அலுவலகத்திலோ வங்கியிலோ எந்தக் கடதாசியிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். தெளிவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றும், ஆனால் தீர்மானிக்கும் திறன் முழுதாகத் திரும்பியிருக்காது. அன்று முதலில் விழுங்கும்போது சோறு வேண்டாம். தொண்டை மரப்பு நீங்க ஒன்றிரண்டு மணி நேரமாகும், அதன்பிறகு முதலில் ஒரு மிடறு தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், புரையேறாவிட்டால் மட்டும் உண்ணுங்கள்.

நுரையீரலுக்குள் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்திருந்தால் அன்றிரவு ஒரு காய்ச்சல் வந்து தானே அடங்குவது சகஜம், பரசிட்டமோல் போதும். சதை எடுத்திருந்தால் ஓரிரு நாட்கள் சளியில் இரத்தக் கோடு தெரியலாம். தொண்டைக் கரகரப்பும் குரல் கம்முவதும் அப்படியே. அடுத்த நாளும் காய்ச்சல் நீடித்தாலோ, கரண்டி கணக்கில் சிவந்த இரத்தம் வந்தாலோ, ஒரு பக்க நெஞ்சில் திடீர் வலியோடு மூச்சுத் திணறல் வந்தாலோ தோட்ட டிஸ்பென்சரியில் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சதை எடுத்த பின் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தால் அந்தக் கடைசி அறிகுறி வரும், அதை எக்ஸ்ரே எடுத்தே உறுதிப்படுத்த வேண்டும்.

சதையின் முடிவு வரப் பொதுவாக நாட்கள் செல்லும். அதை எங்கே, எந்தத் திகதியில், யாரிடம் வந்து பெற்றுக்கொள்வது என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தராமல் உங்களை அனுப்பியிருந்தால், வாட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.